சிறுநீரகத்தில் மருந்தும் இருக்கிறது, பூஞ்சையும் இருக்கிறது: அளந்த எண் என்ன சொல்கிறது?

கேள்வி சுருக்கமாக இது. சுண்டெலிகளின் வால் சிரை வழியாக கேண்டிடா அல்பிகான்ஸ் என்ற பூஞ்சையைச் செலுத்தி, மறுநாளிலிருந்து ஐந்து நாள் வாய்வழியாக இட்ராகோனசோல் என்ற பூஞ்சை எதிர்ப்பு மருந்தைக் கொடுத்திருக்கிறீர்கள். கடைசி வேளைக்கு 2 மணி நேரம் கழித்து எலிகளைக் கருணைக்கொலை செய்து, இடது சிறுநீரகத்தைப் பூஞ்சைக் காலனி எண்ணவும் வலதை மருந்து அளக்கவும் எடுத்திருக்கிறீர்கள். ஹெச்பிஎல்சியில் (கலவையைப் பிரித்து மருந்தை அளக்கும் கருவி முறை) சிறுநீரகத்துக்கு வந்த அளவு கிராமுக்கு 4 மைக்ரோகிராம், பிளாஸ்மாவில் மில்லிக்கு 2. அந்தப் பூஞ்சையின் எம்ஐசி (அதன் வளர்ச்சியைத் தடுக்கும் மிகக் குறைந்த மருந்துச் செறிவு) மில்லிக்கு 0.125. அதாவது திசுவில் எம்ஐசியைப் போல 32 மடங்கு மருந்து. ஆனாலும் காலனி எண்ணிக்கை அரை லாக் மட்டுமே, அதாவது ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்காக மட்டுமே, குறைந்திருக்கிறது. அளந்தது தப்பா, இல்லை மருந்து வேலை செய்யவில்லையா என்று கேட்கிறீர்கள்.

இரண்டுமே இல்லாமல் இருக்கலாம். 4 என்ற எண் சரியாகவே இருக்கக்கூடும். அதை 0.125-ஆல் வகுத்ததில்தான் சிக்கல் இருக்கிறது.

ஒரு கிராம் சிறுநீரகம் என்பது என்ன என்று முதலில் பார்ப்போம். அதில் ரத்தக் குழாய்களும் அவற்றுக்குள் தங்கிய ரத்தமும் இருக்கின்றன. செல்கள் இருக்கின்றன, செல்களுக்கு இடையிலான திரவம் இருக்கிறது, நுண்குழாய்களுக்குள் சிறுநீர் இருக்கிறது. தொற்றிய எலியென்றால் இவற்றோடு வெள்ளணுக்கள் மொய்த்த சீழ்க்கட்டிகளும் உண்டு. இத்தனையையும் சேர்த்து அரைத்துவிட்டால் கிடைப்பது சராசரி. மருந்து எந்த அறையில் எவ்வளவு இருந்தது என்ற தகவல் திசுவை அரைக்கும் ஹோமோஜினைசரின் கத்தி சுழன்ற அந்த அரை நிமிடத்திலேயே போய்விட்டது. அதற்குப் பிறகு எவ்வளவு விலையுயர்ந்த கருவியில் போட்டாலும் அது திரும்பி வராது.

இட்ராகோனசோல் கொழுப்பை நாடும் மருந்து. செல் சவ்வுகளிலும் கொழுப்புத் துளிகளிலும் போய் உட்கார்ந்துகொள்ளும். திசுவில் பிளாஸ்மாவை விட இரண்டு மூன்று மடங்கு அதிகம் தெரிவது அதற்கு வழக்கம்தான், உங்கள் 4-க்கு 2 அதில் அடங்கிவிடும். ஆனால் சிறுநீரகச் செல்லின் சவ்வுக்குள் இருக்கும் மருந்து, வெளியே திரவத்தில் வளரும் பூஞ்சை இழைக்கு எந்த அளவு எட்டும்? ஃப்ளுகோனசோல் என்ற இன்னொரு பூஞ்சை மருந்தில் கதை தலைகீழ். அது நீரில் கரையும், புரதத்தோடு 11 அல்லது 12 சதவீதமே ஒட்டும், திசு நீர் முழுக்கப் பரவும். ஆனால் அதன் பெரும்பகுதி, மனிதர்களில் கிட்டத்தட்ட 80 சதவீதம், மாறாமல் சிறுநீரில் போகிறது. ஆகவே ஃப்ளுகோனசோல் கொடுத்த விலங்கின் சிறுநீரகத்தை அரைத்தால் சிறுநீரையும் சேர்த்து அளக்கிறீர்கள். இரண்டு மருந்துக்கும் “கிராமுக்கு 4” என்று ஒரே அட்டவணையில் எழுதினால், ஒரே மாதிரி தெரியும் இரண்டு வேறு விஷயங்களை எழுதியிருக்கிறோம்.

அடுத்தது கட்டுறாத மருந்து, அதாவது புரதத்தோடு ஒட்டாமல் தனித்திருக்கும் பங்கு. எம்ஐசி பார்க்கும் தட்டில் புரதம் கிடையாது, போட்ட மருந்து அநேகமாக முழுதும் பூஞ்சைக்குக் கிடைக்கிறது. எலியின் உடலில் அப்படி இல்லை. மனித பிளாஸ்மாவில் இட்ராகோனசோல் 99.8 சதவீதம் ஒட்டியிருக்கிறது. எலிக்கும் அதே எண்ணைத் தற்காலிகமாக வைத்துக்கொள்வோம் (உங்கள் எலி பிளாஸ்மாவில் நீங்களே அளப்பதுதான் முறை). பிளாஸ்மாவில் 2 மைக்ரோகிராம் என்றால் கட்டுறாதது 0.004. எம்ஐசியில் முப்பதில் ஒரு பங்கு! ஒரு கணக்கில் 32 மடங்கு மேலே, இன்னொரு கணக்கில் 31 மடங்கு கீழே. ஒரே எலி, ஒரே வேளை மருந்து.

அப்படியென்றால் இரண்டாவது கணக்குதான் உண்மை என்று தாவிவிடாதீர்கள். கட்டுறாத அளவு மட்டுமே எல்லாம் என்றால் இட்ராகோனசோல் எந்த விலங்கிலும் வேலை செய்திருக்கக் கூடாது. மூளைத் தண்டுவட நீரில் அது தேடினாலும் கிடைக்காத அளவுக்குக் குறைவு. ஆனாலும் கிரிப்டோகாக்கஸ் பூஞ்சையால் வரும் மூளைக்காய்ச்சலின் விலங்கு மாதிரிகளில் பலன் தந்திருக்கிறது. ஆம்ஃபோடெரிசின் பி-யும் அப்படித்தான், தண்டுவட நீரில் அளவு மிகக் குறைவு, ஆனால் அந்த நோய்க்கு இன்றும் அதுதான் முதல் ஆயுதம். செல்களுக்குள் சேர்ந்த மருந்து மெல்ல மெல்லக் கசிந்து கொடுக்கிறது, மேக்ரோஃபேஜ் என்ற நோயெதிர்ப்புச் செல் விழுங்கிய பூஞ்சைக்கு அந்த மேக்ரோஃபேஜுக்குள் இருக்கும் மருந்தே போய்ச் சேர்கிறது. போசகோனசோலில் இது இன்னும் தெளிவு, நுரையீரலின் மேக்ரோஃபேஜ்களில் பிளாஸ்மாவைவிடப் பல மடங்கு குவிகிறது. ஆக, பூஞ்சை எங்கே வாழ்கிறது என்பதையும் கேட்க வேண்டும். ஹிஸ்டோபிளாஸ்மா என்ற பூஞ்சை செல்லுக்குள், கேண்டிடா இழை பெரும்பாலும் வெளியே. முன்னதற்குச் செல்லுக்குள் இருக்கும் மருந்து சொத்து. பின்னதற்கு அது வங்கியில் வேறொருவர் பெயரில் கிடக்கும் பணம்.

திசுவில் கட்டுறாத பங்கை நேரடியாகப் பார்க்க ஹோமோஜினேட்டை (அரைத்த திசுக் கூழை) டயாலிசிஸ் செய்து, ஒட்டாத மருந்தை மட்டும் சவ்வு வழியாகப் பிரிக்கலாம். ஆனால் இதில் ஒரு கண்ணி உண்டு. அரைக்கும்போது பஃபர் சேர்த்து நீர்க்க வைக்கிறோம், நீர்த்த உடனே ஒட்டியிருந்த மருந்து கொஞ்சம் கழன்றுவிடும். அதைத் திருத்தாமல் விட்டால் கட்டுறாத பங்கு ஊதிப்பெருத்துத் தெரியும். உதாரணத்துக்கு, ஐந்து மடங்கு நீர்த்த ஹோமோஜினேட்டில் கட்டுறாத பங்கு 0.1 என்று வருகிறது என்று வையுங்கள். 1-ஐ 0.1-ஆல் வகுத்தால் 10, அதில் 1 போனால் 9. ஐந்து மடங்குக்கு 1/5, அதாவது 0.2. இப்போது 0.2-ஐ 9.2-ஆல் வகுத்தால் 0.022. நீர்க்காத திசுவில் கட்டுறாதது 2.2 சதவீதம்தான், 10 சதவீதம் இல்லை. அதிகம் ஒட்டும் மருந்துகளில் இந்தத் திருத்தம் விட்டுப்போனால் முடிவே மாறிவிடும்.

செல்களுக்கு இடையிலான திரவத்தை மட்டும் எடுக்க, திசுவில் நுண்குழாய் செருகும் மைக்ரோடயாலிசிஸ் இருக்கிறதே என்று கேட்பீர்கள். ஃப்ளுகோனசோலுக்கு அருமையான முறை. இட்ராகோனசோலுக்கும் போசகோனசோலுக்கும் நான் பரிந்துரைக்க மாட்டேன், மருந்து குழாயின் சுவரிலேயே ஒட்டிக்கொள்ளும். திசுவை அளக்கிறோமா பிளாஸ்டிக்கை அளக்கிறோமா என்று தெரியாமல் போகும்.

சரி, இனி அளவீட்டுக்கே வருவோம், ஏனென்றால் உங்கள் 4 சரியானதுதானா என்பதையும் பார்க்காமல் விட முடியாது.

திசுவில் தங்கிய ரத்தம் எல்லோருக்கும் தெரிந்த பிரச்சினை, ஆனால் எந்த உறுப்பில் அது முக்கியம் என்பதுதான் கேள்வி. உங்கள் சிறுநீரகத்தில் கிராமுக்கு 0.1 மில்லி ரத்தம் மிச்சம் இருந்தது என்றே வைப்போம். அதில் பாதி பிளாஸ்மா, 0.05 மில்லி. அதில் மருந்து 0.1 மைக்ரோகிராம். 4-ல் 0.1 பெரிய விஷயமில்லை, விட்டுவிடுங்கள். மூளை என்றால் அப்படி விட முடியாது. பிளாஸ்மாவில் 10 இருக்க, மூளையில் கிராமுக்கு 0.02 மில்லி ரத்தம் தங்கினாலே 0.1 மைக்ரோகிராம் வந்துவிடும். மூளைக்குள் ஒரு துளி மருந்துகூடப் போகாவிட்டாலும் “மூளையில் 0.1 கண்டுபிடித்தோம்” என்று எழுதிவிடுவோம். இதயம் வழியாக உப்புநீர் செலுத்திக் கழுவுவது ஒரு வழி. ஹீமோகுளோபினை அளந்து கழித்துக்கொள்வது இன்னொன்று. உறுப்பை வெளியே எடுத்த பிறகு உப்புநீரில் முக்கி எடுப்பது மேற்பரப்பு ரத்தத்தை மட்டுமே போக்கும். அதைச் செய்த பிறகு வடிதாளில் ஒற்றி எடுக்காமல் தராசில் வைத்தால் நீரும் எடையில் சேரும், சுண்டெலியின் மண்ணீரல் 0.1 கிராம் அளவுதான் என்பதால் ஒரு சொட்டு நீரே கணிசமான பிழை.

பிரித்தெடுப்பில்தான் அதிக வில்லங்கம். பலரும் மீட்பு விகிதம் பார்க்கும்போது, மருந்தில்லாத ஹோமோஜினேட்டில் மருந்தைச் சொட்டி, சில நிமிடத்தில் அசிட்டோநைட்ரைல் என்ற கரைப்பானை ஊற்றி, 95 சதவீதம் திரும்பி வந்தது என்று மகிழ்கிறோம். சொட்டிய மருந்து மேலோட்டமாக ஒட்டியிருக்கும். ஐந்து நாள் உயிருள்ள எலியின் செல்லுக்குள் போய் அமர்ந்த மருந்து அப்படி எளிதில் வராது. இதற்கு எளிய சோதனை ஒன்று உண்டு. மருந்து கொடுத்த எலியின் திசுப் படிவை முதல் பிரித்தெடுப்புக்குப் பிறகு தூக்கி எறியாமல், அதே கரைப்பானை மறுபடி ஊற்றி இரண்டாவது முறை, மூன்றாவது முறை பிரித்தெடுத்து அளந்து பாருங்கள். இரண்டாவது முறையில் முதலில் வந்ததில் 5 சதவீதத்துக்குள் வந்தால் நிம்மதி. 30 வந்தால் 4 என்ற எண் தப்பு.

ஆம்ஃபோடெரிசினில் இது எல்லாமே இரட்டிப்பு. லிப்போசோமுக்குள் அடைத்த வடிவம் கொடுத்திருந்தால் அந்தக் கொழுப்புக் கூடு முழுதாக உடைந்ததா என்று பார்க்க வேண்டும், மெத்தனால் அல்லது டைமெத்தில் சல்ஃபாக்சைடு அதற்குத் தேவைப்படும். உடைத்து அளந்தாலோ கூட்டுக்குள் இருந்ததும் வெளியே இருந்ததும் ஒன்றாகிவிடும். கல்லீரலிலும் மண்ணீரலிலும் மலைபோல் எண் வரும், அந்த மலையில் எவ்வளவு பூஞ்சையைத் தொடும் என்பது வேறு கேள்வி. திசுவை அரைத்து அப்படியே பூஞ்சைத் தட்டில் வைத்துப் பார்த்தால், மெத்தனாலில் எடுத்த எண்ணைவிட மிகக் குறைந்த வீரியமே தெரியும். வெளிச்சத்தில் சிதையும் மருந்து என்பதால் குழாய்களை அலுமினியத் தாளில் சுற்றி வைப்பது வேறு. காஸ்போஃபங்கின் என்ற மருந்து கண்ணாடியில் ஒட்டும், குறைந்த செறிவுள்ள ஸ்டாண்டர்டுகள்தான் (ஒப்பிட்டு அளக்க வைக்கும் தெரிந்த செறிவுக் கரைசல்கள்) முதலில் காணாமல் போகும். அந்த ஸ்டாண்டர்டுகளை வைத்து வரையும் அளவுக்கோடு கீழ்ப்பக்கம் வளைந்தால் கருவியைத் திட்டுவதற்கு முன் குழாயைச் சந்தேகியுங்கள்.

என் சொந்தத் தவறு ஒன்றைச் சொல்கிறேன். ஆரம்ப காலத்தில், மருந்தில்லா மாதிரியாக ஆரோக்கியமான எலியின் சிறுநீரகத்தைப் பயன்படுத்தினேன். ஹெச்பிஎல்சி வரைபடம் சுத்தமாக இருந்தது, எந்தக் குறுக்கீடும் இல்லை. பிறகு மருந்தே கொடுக்காத, ஆனால் தொற்று ஏற்றிய கட்டுப்பாட்டு எலிகளின் மாதிரிகளைப் போட்டால், மருந்து வரவேண்டிய நிமிடத்துக்குச் சற்று முன்னால் ஒரு குட்டி மேடு. சீழும் சிதைந்த செல்லும் நிறைந்த சிறுநீரகத்தின் வேதியியல் ஆரோக்கியமான சிறுநீரகத்தைப் போல இருக்காது என்று அப்போதுதான் உறைத்தது. இரண்டு வாரத்துத் தரவை மீண்டும் கணக்கிட வேண்டியதாயிற்று. அன்றிலிருந்து தொற்றிய, மருந்து பெறாத எலியின் அதே உறுப்பு இல்லாமல் நான் எந்த முறையையும் ஏற்பதில்லை. பிளாஸ்மாவில் தயாரித்த ஸ்டாண்டர்டை வைத்துச் சிறுநீரகத்தைக் கணக்கிடுவதும் இதே ரகம். மூலக்கூறுகளை நிறையை வைத்து அடையாளம் காணும் மாஸ் ஸ்பெக்ட்ரோமீட்டர் இருந்தால் இன்னும் எச்சரிக்கை வேண்டும், திசுவின் பாஸ்போலிப்பிடுகள் சிக்னலை அமுக்கிவிடும். டியூட்டீரியம் ஏற்றிய அதே மருந்தை இன்டர்னல் ஸ்டாண்டர்டாக (எல்லா மாதிரியிலும் ஒரே அளவு சேர்க்கும் ஒப்பீட்டுப் பொருள்) போட்டால் பெரும்பாலும் சமாளிக்கலாம். மருந்து அளவீட்டு முறைகளுக்காக 2022-ல் வந்த ஐசிஹெச் எம்10 வழிகாட்டுதலில் (ஹெச்பிஎல்சி போன்ற) குரோமட்டோகிராஃபி முறைகளுக்குச் சொல்லும் 15 சதவீதப் பிழை எல்லை (மிகக் குறைந்த செறிவில் மட்டும் 20) திசுவுக்கும் நல்ல குறிக்கோள்தான்.

ஹெச்பிஎல்சிக்குப் பதில் பயோஅஸ்ஸே (மாதிரி பூஞ்சையை எவ்வளவு அடக்குகிறது என்று பார்த்து மருந்தை அளப்பது) செய்திருந்தால் உங்கள் எண் வேறாக இருந்திருக்கும், இன்னும் பெரிதாக. இட்ராகோனசோல் உடலில் ஹைட்ராக்சி-இட்ராகோனசோலாக மாறுகிறது, அதுவும் பூஞ்சையை அடக்கும். பயோஅஸ்ஸே இரண்டையும் சேர்த்துப் பார்ப்பதால் ஹெச்பிஎல்சியைவிட 2 முதல் 10 மடங்கு வரை கூடுதலாகக் காட்டும். எது சரி என்றால் இரண்டும் சரி, கேள்விதான் வேறு. உங்கள் அறிக்கையில் ஹைட்ராக்சி வடிவத்தின் எண்ணைக் காணவில்லை. அது இல்லாமல் மொத்த வீரியத்தைப் பற்றிப் பேச முடியாது.

இப்போது காலனி எண்ணிக்கை. இந்தப் பக்கத்தை மருந்து அளப்பவர்கள் பார்ப்பதில்லை, பூஞ்சை எண்ணுபவர்கள் அந்தப் பக்கத்தைப் பார்ப்பதில்லை. ஹோமோஜினேட்டில் இருக்கும் மருந்து தட்டுக்கும் கூடவே போகிறது, அங்கே பூஞ்சையை வளரவிடாமல் தடுக்கலாம். 0.2 கிராம் சிறுநீரகத்தை 1.8 மில்லியில் அரைத்தால் மில்லிக்கு 0.4 மைக்ரோகிராம், எம்ஐசியைவிட அதிகம். தட்டில் பரப்பியதும் அகாருக்குள் ஊறி நீர்த்துவிடும் என்றாலும், முதல் சில மணி நேரம் மேற்பரப்பில் செறிவாகவே இருக்கும். உங்கள் பதிவேட்டைத் திறந்து பாருங்கள். பத்து மடங்கு நீர்த்த தட்டில் 40 காலனி, நூறு மடங்கு நீர்த்ததில் 4 என்றால் பிரச்சினை இல்லை. 40-க்கு அடுத்து 15 என்றால் முதல் தட்டில் மருந்து அழுத்தியிருக்கிறது, அந்த எண்ணைக் கணக்கில் சேர்க்கக் கூடாது. அப்படியிருந்தால் நீங்கள் கண்ட அரை லாக் குறைவுகூட முழுதாக உண்மையில்லை.

இடது சிறுநீரகத்தை ஒன்றுக்கும் வலதை இன்னொன்றுக்கும் என்று பிரித்தது எனக்கு அவ்வளவு பிடிக்கவில்லை. இரண்டிலும் தொற்று ஒரே அளவு இருக்கும் என்று சொல்ல முடியாது. இரண்டையும் சேர்த்து அரைத்து, அதிலிருந்தே ஒரு பங்கு தட்டுக்கு, ஒரு பங்கு உறைபெட்டிக்கு என்று எடுத்திருந்தால், ஒவ்வொரு எலியிலும் மருந்தையும் பூஞ்சையையும் நேருக்கு நேர் ஒப்பிடலாம். எலியும் குறைவாகவே தேவைப்படும்.

சீழ்க்கட்டி விஷயம் தனியாகச் சொல்ல வேண்டியது. கேண்டிடா சிறுநீரகத்தின் புறணியில் நுண்கட்டிகளாகத் தொடங்கி, பிறகு உட்குழி வரை இழைகளாக நீள்கிறது. கட்டியின் நடுவில் செத்த திசு, அங்கே ரத்த ஓட்டம் இல்லை. சுற்றியுள்ள நல்ல திசுவில் மருந்து நிறைந்திருக்க, நடுவில் வறட்சி. இதை அரைத்துப் பார்த்தால் சராசரி நன்றாகவே இருக்கும். 2017-ல் வெளியான ஓர் ஆய்வில், எலிகளின் வயிற்றறைக் கேண்டிடா கட்டிகளை மெல்லிய சீவலாக வெட்டி, மால்டி மாஸ் ஸ்பெக்ட்ரோமெட்ரியால் மருந்தின் வரைபடமே எடுத்தார்கள். மைக்காஃபங்கின் என்ற மருந்து கட்டியின் உள்ளே சரியாகப் போகவில்லை, ரெசாஃபங்கின் மேலாகப் போனது. ஹோமோஜினேட்டில் இந்த வேறுபாடு கரைந்துபோயிருக்கும். அந்தக் கருவி எல்லோர் கைக்கும் எட்டாது, ஆனால் கட்டியைக் கத்தியால் பிரித்து, கட்டி தனியாக, சுற்றுத் திசு தனியாக அளப்பதற்குப் பெரிய வசதி எதுவும் வேண்டாம். முயல் மாதிரியில் தாராளமாகச் செய்யலாம். சுண்டெலியில் கை நடுங்காதவர் வேண்டும்.

நேரம் பற்றி ஒரு வார்த்தை. வேளைக்குப் பிறகு 2 மணி நேரம் என்று ஒரே ஒரு புள்ளி எடுத்திருக்கிறீர்கள். அநேகமாக அது உச்சத்துக்கு அருகில். அடுத்த வேளை வரை மிச்ச நேரம் அங்கே என்ன இருந்தது என்று தெரியாது. அசோல்களுக்கு (இட்ராகோனசோலும் அதன் இன மருந்துகளும்) கணக்கில் வருவது 24 மணி நேரத்துச் செறிவு வரைகோட்டின் கீழுள்ள மொத்தப் பரப்புதான், ஒரு கணத்தின் உச்சி இல்லை. பிளாஸ்மாவும் திசுவும் ஒன்றாக ஏறி இறங்குவதில்லை என்பதால், விகிதமும் எடுத்த நேரத்தைப் பொறுத்து மாறும். காஸ்போஃபங்கின் ரத்தத்திலிருந்து திசுவுக்குப் போய் முடிய ஒன்றரை இரண்டு நாள் எடுத்துக்கொள்ளும், அதை 2 மணி நேரத்தில் அளந்து “திசுவில் சேரவில்லை” என்று எழுதியவர்களைப் பார்த்திருக்கிறேன். ஒரு எலி ஒரு நேரப்புள்ளிதான் தரும் என்பதால் செலவு கூடும், ஆனால் ஒரே நேரத்தில் பத்து எலி எடுப்பதைவிட நான்கு நேரங்களில் மூன்று மூன்றாக எடுப்பது அதிகம் சொல்லும்.

எந்த விலங்கு என்பதையும் மறக்க வேண்டாம். சுண்டெலி வோரிகோனசோலை அசுர வேகத்தில் சிதைக்கும், தொடர்ந்து கொடுத்தால் கல்லீரல் நொதிகள் தூண்டப்பட்டு இன்னும் வேகமாகும். அதைத் தடுக்க எலிக்குக் கிரேப்ஃப்ரூட் சாறு கொடுத்து வோரிகோனசோல் அளவை உயர்த்தும் வழக்கமே உண்டு. அதனால்தான் அந்த மருந்துக்குக் கினிப்பன்றியை எடுப்பவர்கள் அதிகம். இட்ராகோனசோலுக்கு அந்த அளவு தொல்லை இல்லை, ஆனால் முதல் நாள் அளவும் ஐந்தாம் நாள் அளவும் ஒன்றா என்று ஒருமுறையாவது பார்க்க வேண்டும்.

இன்னொன்று, கேண்டிடாவுக்கு அசோல்கள் பெரும்பாலும் வளர்ச்சியைத் தடுப்பவை, கொல்பவை அல்ல. மருந்து தொடங்கிய அன்று இருந்த எண்ணிக்கையோடு ஒப்பிட்டு அரை லாக் குறைவு என்றால் அது தோல்வி என்று நான் சொல்ல மாட்டேன். மருந்து பெறாத எலிகளோடு ஒப்பிட்டு அரை லாக் என்றால்தான் கவலைப்படுவேன். எதோடு ஒப்பிட்டீர்கள் என்று கேள்வியில் சொல்லவில்லை.

புதிய எலிகளைத் தொடுவதற்கு முன் உறைபெட்டியில் இருப்பதை வைத்தே பாதி விடை கண்டுபிடிக்கலாம். வலது சிறுநீரகத்தின் படிவு மீதமிருந்தால் இரண்டாவது பிரித்தெடுப்பு. பிரித்தெடுத்த அதே சாறில் ஹைட்ராக்சி-இட்ராகோனசோல். மீதமுள்ள ஹோமோஜினேட்டில் டயாலிசிஸ், நீர்ப்புத் திருத்தத்தோடு. கட்டுப்பாட்டு எலிகளின் சிறுநீரகம் இருந்தால் அதில் புதிய அளவுக்கோடு. ஹோமோஜினேட்டில் உயிருள்ள பூஞ்சை இருக்கும், அசிட்டோநைட்ரைல் ஊற்றியதாலேயே செத்துவிட்டது என்று நம்பி உயிரியல் பாதுகாப்புப் பெட்டிக்கு வெளியே எடுக்காதீர்கள். ஒரு துளியைத் தட்டில் போட்டு 48 மணி நேரம் பார்த்துவிட்டு எடுங்கள்.